பக்கத்து வீட்டுக்குத் தெரியும்

"எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது" என்று என் வயதுக்காரர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். செய்தித்தாளில் ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமையைப் படித்துவிட்டு, பேப்பரை மடித்துக்கொண்டே சொல்வார்கள். டிவி வந்தது, செல்போன் வந்தது, அதனால்தான் எல்லாம் கெட்டுப்போச்சு என்று விளக்கமும் கூடவே வரும். வேறு ஊரில் சொன்னால் கேட்டுவிட்டுப் போய்விடலாம். காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்ல எப்படி மனம் வருகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நான் உத்தியோகத்துக்காக இந்த ஊருக்கு வந்தது 1977-ல். பிள்ளையார்பாளையத்தில் ஒரு ஒண்டுக் குடித்தனம். விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கே சுற்றிலும் தறிச் சத்தம் ஆரம்பித்துவிடும். முதல் சில நாள் தூக்கம் வராது. பிறகு அந்தச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். அந்தச் சத்தத்தோடு சில சமயம் வேறொரு சத்தமும் கேட்கும். சிறு பையன் அடி வாங்கி அழுகிற சத்தம்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். இளையவர்கள் யாராவது படித்தால் தெரியட்டும் என்று எழுதுகிறேன். காஞ்சிபுரம் பட்டின் பெருமையே கோர்வைக் கரை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் இழையோடு இழை கோர்த்து நிற்க வேண்டும். இதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவர் ஒருவரே இரண்டு பக்கமும் பார்க்க முடியாது. ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா போட இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இடம்தான் குழந்தையின் இடமாக இருந்தது. எட்டு வயது, ஒன்பது வயது. சொந்தப் பிள்ளை இருந்தால் சொந்தப் பிள்ளை. இல்லாவிட்டால் சுற்றுவட்டக் கிராமத்திலிருந்து முன்பணம் கொடுத்துக் கொண்டுவந்த பிள்ளை.

முன்பணம் என்பது நல்ல வார்த்தை போலத் தெரியும். அம்மாவின் வைத்தியத்துக்கோ அக்காவின் கல்யாணத்துக்கோ தறிக்காரர் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுப்பார். பையன் வந்து உட்காருவான். அவன் கூலி அசலில் கழியாது. தறி மாற வேண்டுமென்றால் புதுத் தறிக்காரர் பழைய கடனை அடைத்து அவனை எடுத்துக்கொள்வார். பெரிய வார்த்தை வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். சட்டத்தில் இதன் பெயர் கொத்தடிமை. இழை அறுந்தால் அடி, கண் அசந்தால் அடி, ஊருக்குத் திருவிழாவுக்குப் போய் இரண்டு நாள் தாமதமாக வந்தால் அடி. அமெரிக்காவிலுள்ள மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-ல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. காஞ்சிபுரமும் அதில் உண்டு. வெள்ளைக்காரன் வந்து நம் மானத்தை வாங்கிவிட்டான் என்று அப்போது சிலர் குதித்தார்கள். எழுதியிருந்ததெல்லாம் நம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே?

தறிக்காரரை அரக்கனாகக் காட்டுவது என் நோக்கம் அல்ல. அவரும் கடனாளிதான். பட்டும் ஜரிகையும் கொடுத்த முதலாளியிடம் அவர் மாட்டிக்கொண்டிருந்தார், அவரிடம் இந்தப் பையன் மாட்டிக்கொண்டிருந்தான். அவரும் அதே பக்கத்து இடத்தில் உட்கார்ந்து அடி வாங்கி வளர்ந்தவர்தான். "நான் வாங்காத அடியா?" என்பார். தெருவும் அதையே சொல்லும். தொழில் கற்றுக்கொள்கிறான், அடியாத மாடு படியாது, அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதற்கு?

சட்டம் இல்லாமல் இல்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதன்படி அந்த முன்பணக் கடனே செல்லாது. திருப்பித் தர வேண்டியதில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. ஆனால் அந்த இரண்டாவது சட்டத்தில் ஒரு சந்து விட்டார்கள். ஒருவர் தம் குடும்பத்தாரோடு நடத்தும் தொழிலுக்குத் தடை பொருந்தாது என்றார்கள். நம் ஊரில் தறி எங்கே இருக்கிறது? வீட்டுக்குள். குழந்தை யார் என்று அதிகாரி கேட்டால், "என் அக்கா பையன் சார்" என்றால் முடிந்தது. சட்டம் வாசற்படி வரை வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டது.

இதைப் பார்த்தபோது பள்ளியில் படித்த பிரெஞ்சு வரலாறுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பிரான்சில் நம் ஊர் மாதிரி ஒரு ஊர் உண்டு, லியோன். பட்டு நகரம். அங்கேயும் வீட்டுக்கு வீடு தறி. பூ வேலைக்குக் கயிறு இழுப்பதற்குச் சின்னப் பிள்ளைகள். 1804-ல் அந்தக் கயிறு இழுக்கும் வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்தவர்தான் ஜக்கார்டு. நம் தறிகளின் தலைமேல் அட்டை மாட்டி உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். பிரான்சில் முதல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1841 மார்ச் 22-ல் வந்தது. எட்டு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. இயந்திர சக்தியில் ஓடும் ஆலைக்கும், இருபது பேருக்கு மேல் வேலை பார்க்கும் பட்டறைக்கும்தான் அது பொருந்தும். லியோனின் வீட்டுத் தறி வெளியே நின்றது. கண்காணிக்கச் சம்பளமில்லாத ஆய்வாளர்களை நியமித்தார்கள். அவர்களில் பலர் முன்னாள் ஆலை முதலாளிகள். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை. சம்பளம் வாங்கும் ஆய்வாளர்கள் வர 1874 ஆயிற்று. அதற்குப் பிறகு 1892-ல் வந்த சட்டமும் குடும்பப் பட்டறையைத் தொடவில்லை.

ஆக, இரண்டு பட்டு நகரங்களிலும் ஒரே கதைதான். வீட்டுக்குள் நடப்பது சர்க்காருக்கு எட்டாது. எட்டுவது யாருக்கு? சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு. நான் சொல்ல வருவது இந்த ஒரு விஷயம்தான். குழந்தையைப் பொறுத்தவரை பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆய்வாளர். அவருக்குச் சம்பளம் கிடையாது, ஜீப் கிடையாது. ஆனால் அவருக்குத்தான் தெரியும்.

காஞ்சிபுரத்தில் தறியிலிருந்து குழந்தைகள் எழுந்து பள்ளிக்குப் போனது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் வந்தன, தொண்டு நிறுவனங்கள் வந்தன. மதிய உணவு ஏற்கெனவே இருந்தது. 1996 டிசம்பரில், சிவகாசி தொடர்பான வழக்கில், அபாயமான வேலையில் குழந்தையை வைத்திருக்கும் முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது; அந்தப் பயமும் கொஞ்சம் வேலை செய்தது. 1998-லிருந்து இருங்காட்டுக்கோட்டையில் கார் வெளியே வரத் தொடங்கியதும், பத்தாவது படித்தால் கம்பெனி வேலை கிடைக்கும் என்ற ஆசை தறி வீடுகளுக்குள்ளும் வந்தது. விழிப்புணர்ச்சி ஒன்றே எல்லாவற்றையும் சாதித்தது என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கார்க் கம்பெனியைச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

ஆனால் இவ்வளவும் இருந்தும், எந்த வீட்டில் எந்தப் பையன் என்று யார் சொன்னது? எங்கள் தெருவில் சொன்னது இட்லி விற்கும் ஓர் ஆயா. சிறப்புப் பள்ளி டீச்சர் ஒருத்தி பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக அலைந்துகொண்டிருந்தாள். கதவைத் தட்டினால், "எங்க வீட்டுல பசங்களே இல்லியேம்மா" என்பார்கள். ஆயாவுக்குத் தெரியும். காலை ஆறு மணிக்குக் கணக்கில் இட்லி வாங்க வரும் பையன்கள் யார், அவர்களில் ஒன்பது மணிக்குச் சீருடையோடு யாரைப் பார்க்கவே முடியவில்லை என்று. "மூணாவது வீடு, பின்கட்டு, ரெண்டு பேரு" என்றாள். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரர்களும் அவர்கள் சொந்தக்காரர்களும் மாதக்கணக்கில் அவளிடம் இட்லி வாங்கவில்லை. அவளுக்கு அது சின்ன நஷ்டம் அல்ல.

பையன்களில் ஒருவன் பள்ளியில் சேர்ந்தான். சேர்ந்த பிறகுதான் உண்மையான தொந்தரவு. முன்பணம் கொடுத்தவர் அவன் அம்மாவைத் தேடி வர ஆரம்பித்தார். வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சத்தம் போடுவார். அந்தக் கடன் சட்டப்படி செல்லாது என்று அந்த அம்மாளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சட்டம் தெரிந்து என்ன, வாசலில் நிற்கிற ஆளுக்கு முன்னால் பேச வாய் வர வேண்டுமே. எங்கள் தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் சாயங்கால வேளையில் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். சண்டை போடவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ அவர் வருவது நின்றது. குழந்தைப் பாதுகாப்பைப் பற்றி நான் பிறகு எத்தனையோ சுற்றறிக்கைகளைத் தட்டச்சு செய்திருக்கிறேன். அந்தத் திண்ணைக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

இன்றைக்குத் தறியில் குழந்தை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் வீட்டுக்குள் குழந்தை பத்திரமாக இருக்கிறதா? மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டார்கள். தமிழ்நாடு அதில் இல்லை, அதனால் நமக்கில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். ஆண் பிள்ளைகளும் அதில் பாதிக்குக் குறைவில்லை. செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். பயமுறுத்த இதை எழுதவில்லை. நாம் கேட்டைப் பூட்டி, தெருவில் கேமரா மாட்டி, வெளியாளைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பதற்காக எழுதுகிறேன்.

2018 ஜூலையில் சென்னை அயனாவரத்தில் வெளியான விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. காது கேளாத 11 வயதுச் சிறுமி. லிஃப்ட் இயக்குபவர், காவலாளி, குழாய் வேலைக்காரர் என்று தினமும் அவள் பார்த்துப் பழகிய ஆட்கள். மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. முதலில் தெரிந்துகொண்டது வெளியூரிலிருந்து வீட்டுக்கு வந்த அவளுடைய அக்கா. கைதானவர்கள் 17 பேர். 2020 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, அவர்களில் 5 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்தச் சமயத்தில் ஊர் முழுக்கப் பாராட்டியது எதை? குற்றம் சாட்டப்பட்டவர்களை நீதிமன்ற வளாகத்தில் வக்கீல்கள் அடித்ததை. எனக்கு அது பாராட்டத் தக்கதாகத் தெரியவில்லை. அந்த அடியால் அந்தச் சிறுமிக்கு ஒரு ராத்திரித் தூக்கமாவது வந்திருக்குமா? முந்நூறு குடும்பங்கள் இருக்கும் இடத்தில் மாதக்கணக்காக ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையே என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு குற்றம் உண்டு. ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் இருப்பது. நம்மால் முடியும்போது, நமக்கு ஆபத்தில்லாதபோது, கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அதற்கே தண்டனை. நம் நாட்டில் அப்படி ஒன்றும் இல்லையே என்று பல வருடம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். குழந்தைகள் விஷயத்தில் இப்போது இருக்கிறது. 2012 நவம்பர் 14-ல் அமலுக்கு வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தவர் யாராயிருந்தாலும் காவல் துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் சொல்ல வேண்டும். "யாராயிருந்தாலும்" என்பதில் ஓய்வூதியர்களும் அடக்கம். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

"பொய்யாகப் போய்விட்டால்?" என்று கேட்பீர்கள். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது என்று அதே 19-ஆம் பிரிவு சொல்கிறது. வேண்டுமென்றே பொய் சொன்னால்தான் தண்டனை. பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பையனும் விரும்பி ஓடிப்போனால், பெண் வீட்டார் இந்தச் சட்டத்தைத் தடியாக எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமே 2021-ல் ஒரு வழக்கில் அதைச் சுட்டிக்காட்டியது. அது வேறு பிரச்சினை. அதைச் சாக்காக வைத்து எட்டு வயதுக் குழந்தையின் விஷயத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டாம்.

நம் ஊரில் சொல்வதை விடப் பெரிய சிக்கல், சொன்ன பிறகு நாம் செய்யும் காரியங்கள். முதலில் ஒரு கூட்டம் கூடும். "என்ன நடந்தது சொல்லும்மா" என்று அத்தை கேட்பாள், மாமி கேட்பாள், எதிர்வீட்டுக்காரர் கேட்பார். குழந்தை ஒன்பது தடவை சொல்ல வேண்டும். ஒன்பதாவது தடவை ஒரு வார்த்தை மாறினால் "பார், பொய் சொல்லுது" என்பார்கள். பிறகு பெரிய மனிதர்கள் வருவார்கள். பணம் வாங்கிக்கொள், விஷயம் வெளியே போக வேண்டாம், பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டும். கெடுத்தவனுக்கே கட்டி வைத்துவிடலாம் என்று சொல்லும் மகானுபாவர்களும் உண்டு. விஷயம் வெளியே போகக் கூடாது என்று அங்கே தலையாட்டிய அதே ஆட்கள் ராத்திரி வாட்ஸ்அப்பில் குழந்தையின் பெயர், தெரு, பள்ளி எல்லாவற்றையும் அனுப்பிவிடுவார்கள். நாம் மூட வேண்டிய வாயைத் திறக்கிறோம், திறக்க வேண்டிய வாயை மூடுகிறோம். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதும் இந்தச் சட்டப்படி குற்றம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

குழந்தை சொன்னால் ஒரு தடவை கேளுங்கள். நம்புகிறேன் என்று சொல்லுங்கள், உன் மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள். துருவாதீர்கள், துருவுவதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். 1098-க்குப் போன் செய்யுங்கள். 1996-ல் மும்பையில் ஆரம்பித்த எண் அது. இப்போது அரசே நடத்துகிறது. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், உங்கள் பெயரைச் சொல்லக் கட்டாயம் இல்லை. அடி, பட்டினி, வேலைக்கு வைப்பது என எதற்கும் அதே எண்தான். நம் மாவட்டத்தில் குழந்தை நலக் குழுவும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் இருக்கின்றன. ஏழைக் குடும்பத்துக்கு வக்கீலை இலவசமாகத் தர மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. எல்லாம் சரியாக நடக்கிறதா என்று கேட்டால், முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவன் என்ற முறையில் பதில் சொல்ல எனக்கு வெட்கம்தான். இரண்டு தடவை கேட்டால் நகரும். யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்பதற்கு நம்மிடம் நேரம் இருக்கிறது.

அப்புறம் வருகிறது நீண்ட காலம். வழக்கு ஒரு வருடத்துக்குள் முடிய வேண்டும் என்று சட்டம், முடிவதில்லை. அந்த வருடங்களில் குழந்தை இதே தெருவில்தான் வளர வேண்டும். குற்றம் செய்தவரின் தம்பி அதே தெருவில் கடை வைத்திருப்பார். அம்மா கூலி வேலையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். சாட்சி பின்வாங்குவது பணத்தால் மட்டும் அல்ல, தனியாக விடப்படுவதாலும்தான். பள்ளிக்கு அந்தக் குழந்தையோடு நடந்துபோக ஒரு பாட்டி வேண்டும். கருட சேவைக்கு எல்லாக் குழந்தைகளையும் கூட்டிப் போகும்போது அவளையும் கூப்பிட வேண்டும், "அந்தப் பொண்ணு" என்று காதில் கிசுகிசுக்காமல். அம்மா கோர்ட்டுக்குப் போகும் நாளில் சின்னவனுக்கு ஒரு பிடி சோறு போட வேண்டும். தறிக்காலத்தில் திண்ணையில் உட்கார்ந்த அந்த இரண்டு கிழவர்கள் செய்த வேலை இதுதான்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தைக் காவல் நிலையத்தில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. குழந்தையின் வீட்டிலோ, அது வழக்கமாக இருக்கும் இடத்திலோ, அது விரும்பும் இடத்திலோ வாங்கலாம். கூடியவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், சீருடை இல்லாமல் வர வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ பக்கத்தில் இருக்கலாம். ராத்திரியில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. ஆனால் பல வீடுகளில் ஒரே அறை. அந்த அறையிலேயேதான் அது நடந்திருக்கும். அங்கே உட்கார்ந்து குழந்தை எப்படிப் பேசும்? நம்மில் பலருக்குப் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். முன் அறை காலியாகத்தான் கிடக்கிறது. ஒரு மின்விசிறி, இரண்டு நாற்காலி, ஒரு சொம்புத் தண்ணீர் போதும். எங்கள் வீட்டு முன் அறையைக் கேட்டால் தருவதாக என் மனைவியும் நானும் மகளிர் காவல் நிலையத்திலும், எங்கள் பகுதி அங்கன்வாடி டீச்சரிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதைப் படிக்கிற பிள்ளையார்பாளையம், ஓரிக்கை, சின்னக் காஞ்சிபுரத்து நண்பர்கள் நாலைந்து பேரும் அப்படி எழுதிக் கொடுத்தால், எந்தக் குழந்தையும் அதற்காக வெகு தூரம் போக வேண்டியிருக்காது.